தண்டலத்தில் ஒரு தங்கவயல்காரர்

செங்கமலம் தண்டலத்தில் பிறந்தவள். சுப்பராயனைக் கட்டிக்கொண்டு கோலார் தங்கவயலுக்குப் போனாள். சுரங்கத்துக்காகவே உண்டான ஊர் அது. தகரக் கூரை, தட்டிச் சுவர் வைத்து வரிசையாகக் கட்டிய லைன் வீடு. பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே கேட்கும். சுரங்கத்துக்குள் பாறை சரிந்தால் சங்கு ஊதும். பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். செத்தது யாரானாலும் அன்றைக்கு லைன் முழுக்க உலை ஏறாது.

சுப்பராயனுக்குப் பாறையில் துளை போடுகிற வேலை. கல்தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. வேலை போனது, அதோடு கம்பெனி வீடும் போனது. தொண்ணூற்றொன்று ஆவணியில் வேறு போக்கிடமில்லாமல் செங்கமலம் அவரைத் தண்டலத்தில் தன் தம்பி அண்ணாதுரையின் வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

மாட்டுக்கொட்டகையை ஒட்டி இடம் கிடைத்தது. காசநோய் என்று பயந்து தம்பி மனைவி ஜெயம் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லை.

"ஒட்டுற சீக்கு இல்ல ஜெயம், கல்லுத்தூளு" என்றாள் செங்கமலம்.

ஜெயம் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

படுத்தால் அவருக்கு மூச்சு முட்டும். செங்கமலத்தின் முதுகில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் கண்ணயர்வார். ஐப்பசியில் ஒருநாள் சொன்னார்: "என்ன அங்கியே இட்டுக்கினு போயிடு. இங்க செத்தா தூக்க ஆள் வராது."

"அங்க வூடு ஏது? எங்க படுப்பீங்க?"

"தாவீது வூட்டு வாசல்ல."

தாவீது அவரோடு சுரங்கத்தில் இறங்கியவர். பஸ்ஸிலேயே உயிர் போய்விடுமோ என்று பயந்து அவள் நாளைக் கடத்தினாள். கார்த்திகைக் கடைசியில் மனசு கேட்காமல் ரோட்டுக்கு அழைத்துப்போனாள். தங்கவயல் பக்கம் போகிற வண்டி எதுவும் இல்லை.

"காவேரித் தண்ணிக்காகக் கலவரம்மா. கர்நாடகாவுல நம்ம ஆளுங்கள அடிக்கிறாங்க. எல்லையத் தாண்டி வண்டி போவாது" என்றான் டீக்கடைக்காரன்.

சுப்பராயன் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. மார்கழி பிறந்ததும் செத்துப்போனார்.

பாடைக்கு ஆள் போதாமல், அறுப்புக்கு வெளியூரிலிருந்து வந்திருந்தவர்களை அண்ணாதுரை கெஞ்சிக் கூட்டிவந்தான். தோள் கொடுத்தவர்களில் ஒருவன் சுடுகாட்டில் கேட்டான்: "இவுரு பேரு இன்னா?"

பொங்கல் கழித்துத் தாவீது வந்தார். கொட்டகையைப் பார்த்துவிட்டு விம்மினார். "முன்னாடியே இட்டாந்திருந்தா லைனே தூக்கியிருக்குமே, தங்கச்சி. அவரு கேக்கவே இல்லியா?"

செங்கமலம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"இல்லண்ணா" என்றாள்.