சக்களத்தியாய் வந்த சீமை எலி

எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாசம், என் வீட்டுக்காரர் ஒரு ஓலைக் கொட்டானில் சீமை எலியைக் கொண்டுவந்தார். மண்டபம் ஊரில் அப்போது சிலோனுக்குப் போகிறவர்களைத் தங்கவைத்துச் சோதிக்கிற முகாம் இருந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் ரத்தம், சளி பார்க்கிற அறையில் அவருக்கு வேலை. சோதனைக்காக வளர்த்த சீமை எலிகளில் ஒன்றுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டதாம். இனி இது வேலைக்கு ஆகாது என்று டாக்டர் சொல்ல, இவர் கேட்டு வாங்கி வந்துவிட்டார்.

கினிப் பன்றி என்றும் சொல்வார்களாம். பெயர்தான் எலி. வால் கிடையாது. பழுப்பும் வெள்ளையுமாக, இரண்டு உள்ளங்கையும் நிறைகிற உருவம். மூச்சு விடும்போது விலா உள்ளே ஒட்டி ஒட்டி வந்தது. காதைப் பக்கத்தில் வைத்தால் உலை கொதிக்கத் தொடங்குகிற மாதிரி ஒரு கரகரப்பு. பொட்டை என்றார்.

நான் பரமக்குடிக்காரி. தறிச் சத்தமும் ஆள் பேச்சும் ஓயாத தெருவில் வளர்ந்தவள். இவரோ வீட்டுக்கு வந்தால் "சோறு வையி", "வெளக்க ஏத்து" என்பதற்கு மேல் பேசமாட்டார். கூச்ச சுபாவம், போகப் போகச் சரியாகிவிடும் என்று நானும் பொறுத்திருந்தேன். எலி வந்த அன்றைக்கே அந்த நினைப்பில் மண் விழுந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, "என்னடி தங்கம், இன்னிக்குத் தேவலையா? மூக்கக் காட்டு பாப்பம்" என்று ஓயாமல் பேசினார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து மூக்கோரத்துச் சளியைத் துடைத்தார். டாக்டர் கொடுத்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். தூசி ஆகாது என்று வைக்கோலை வாசலில் நின்று உதறி உதறி எடுத்து வந்தார்.

நெல்லிக்காய் கொடுத்தால் நல்லது என்று டாக்டர் சொன்னாராம். மதுரையிலிருந்து வருகிற ரயில் கார்டிடம் சொல்லிவிட்டார். மறுநாளே ஒரு பை நெல்லிக்காய் வந்து இறங்கியது. அதே கார்டிடம் எனக்கு நாலு முழம் மல்லிகை சொல்லுங்கள் என்று மூன்று தடவை கேட்டிருந்தேன். மூன்று தடவையும் "மறந்துட்டேன் புள்ள" என்றார். இடையில் எனக்கும் ஒரு வாரம் இருமல். "சுக்கத் தட்டிப் போட்டுக் குடி" என்றார், எலியின் நெஞ்சில் வைத்த விரலை எடுக்காமல்.

ஐப்பசி மழையில் விறகெல்லாம் ஊறிப்போயிருந்தது. ஊதல் காற்று படாது என்று எலிப் பெட்டி அடுப்படி மூலையில்தான் இருக்கும். புகை ஆகாது, அதனால் அடுப்பைப் பற்றவைக்குமுன் பெட்டியை முன்னறைக்கு நகர்த்த வேண்டியது என் பொறுப்பு. அன்று காலை அவர் கிளம்பும்போது பெட்டிக்குள் குனிந்து, "போயிட்டு வாரேன் தங்கம்" என்றார். என்னிடம் சொல்லவில்லை. நான் பெட்டியை நகர்த்தாமலே அடுப்பை ஊதினேன்.

கொஞ்ச நேரத்தில் அடுப்படி முழுக்கப் புகை. திரும்பிப் பார்த்தால் எலி கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. சத்தமே இல்லை. அப்படியே அள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

பக்கத்து வீட்டு அக்கா பாம்பனில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். புருஷனுக்கு ரயில்வேயில் பாலத்து வேலை. எலியை வாங்கி, தலை மேலே இருக்கும்படி நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, காற்று நேரே அடிக்காத வாசல் ஓரமாக உட்கார்ந்தாள். முந்தானை நுனியைத் திரியாக முறுக்கி மூக்கைத் துடைத்தாள். வெகுநேரம் கழித்து அது வாயை மூடி மூக்கால் மூச்சு விட்டது.

"புகை அடிச்சிருக்கு தாயி" என்றாள்.

சாயங்காலம் அவரிடம் நானே சொல்லிவிட்டேன்.

"மறந்துட்டியா?"

"இல்ல. வேணும்னுதான் நகத்தாம விட்டேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அக்கா வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

அதன்பிறகு வேலை விட்டதும் நேரே அங்கேதான் போவார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓலைத் தட்டிதான் தடுப்பு. அவர் குரல் கேட்கும், அக்காவின் சிரிப்புக் கேட்கும். எலியைக் கண்டு பொறாமைப்பட்டவள் இப்போது அந்த அக்காவைக் கண்டு எரிந்தேன். அவள் வீட்டிலிருந்து வந்த மீன் குழம்பைத் தொடவில்லை. ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள் பகலில் போய் நின்றேன்.

"எங்க வீட்டு உசிரு எங்க வீட்டுல இருக்கட்டும். குடுங்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தாராளமா எடுத்துட்டுப் போ. உன் வீட்டுக்காரரு இங்கன வந்து எலியவா பாக்குறாரு? 'அவ கோவமா இருக்காளாக்கா, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க'ன்னு தினமும் இதே பாட்டு. உங்கிட்டக் கேக்க அந்த மனுசனுக்கு வாய் வரல. சிரிக்காம என்ன செய்ய? ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக் கேட்டு எனக்கே உம் மேல பொறாமை வந்துருச்சு. என் வீட்டு ஆளு பாலத்துக்குப் போனா நாலு நாளைக்கு ஆளையே காணோம். நான் சாப்பிட்டனான்னு கேக்க ஒரு நாதியில்ல."

பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் அவர் வந்தபோது, "என்னப் பத்தி ஏதாச்சும் கேக்கணும்னா எங்கிட்டயே கேளுங்க" என்றேன். அவர் காது மடல் சிவந்துபோயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு கம்பு நட்டு, ஓலை வேய்ந்து, அடுப்பை வெளியே மாற்றிக் கொடுத்தார்.

இரைப்பு முழுசாகத் தீரவில்லை. மழைக்காலம் வந்தால் கூடும், வெயில் வந்தால் குறையும். மூக்குத் துடைப்பதும் மருந்து விடுவதும் என் வேலையாயிற்று. என் காலடி கேட்டால் "குயீ குயீ" என்று கத்தும். அவர் வந்தால் கத்தாது. அதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம். அப்படியே இரண்டு மழைக்காலம் தாண்டியது.

ஒரு தை மாசக் காலையில் பெட்டிக்குள் அசைவில்லை. வேலிப் பக்கம் குழி தோண்டிப் புதைத்தோம். அவர் மண்ணைத் தள்ளிவிட்டு, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும், நான் செத்தால் இந்த மனுஷன் இப்படி அழுவாரா என்று மனசுக்குள் ஒரு கேள்வி ஓடியதை இல்லை என்று சொல்லமாட்டேன்.