கதிரை போட்ட கடை

ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்துக்கொள்வதற்காகத் தன் கடையின் குணத்தையே மாற்றிய ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தச் சுண்டைக்காய் நான்தான். நினைக்கும்போதெல்லாம் இன்னும் மலைப்பாக இருக்கிறது.

வென்ட்வேர்த்வில் ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கிறது அந்தக் கடை. அப்போது வாசலுக்கு நேராக ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ரோல்ஸ், பற்றிஸ், வடை. ஆட்கள் வருவார்கள், கண்ணாடியில் விரலை வைத்து இதில் நாலு, அதில் ஆறு என்பார்கள், பார்சலை வாங்கிக்கொண்டு பரமட்டா ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். உள்ளே கொத்து ரொட்டி, இடியப்பம், தோசை எல்லாம் என் பொறுப்பு. நான் தேனிக்காரி. சமையல் படிப்புக்காகச் சிட்னி வந்து, படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி யாழ்ப்பாணத்து அன்ரி. கல்லாவை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். முழங்கால் வலி என்பது அதற்கு அவர் சொன்ன காரணம்.

எங்கள் விசா அந்த வருடக் கடைசியோடு முடிந்துவிடும். எங்கள் என்றால் நான், கணவர், முதல் வகுப்பு படிக்கும் மகள். அதன் பிறகும் இங்கே இருக்க வேண்டுமானால், ஒரு முதலாளி எனக்கு முறையான வேலை தர வேண்டும், அந்த வேலை உண்மையானதுதான் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அன்ரி சில்லறை எண்ணிக்கொண்டே "ஓம், செய்வம்" என்று முடித்துவிட்டார்.

பரமட்டாவில் இருந்த விசா ஏஜென்ட், என் படிப்பு, அனுபவம், சம்பளம் எல்லாவற்றையும் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். கடைசியில், வாடிக்கையாளர்கள் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவார்களா என்று கேட்டார். அன்ரி சிரித்துவிட்டார். எங்கள் கடையில் உட்கார்ந்தது மாவு மூட்டை மட்டும்தான். ஏஜென்ட் சிரிக்கவில்லை. பார்சல் கடையில் சமைக்கும் வேலைக்கு இந்த விசா கிடையாது என்றார். ஆட்கள் உட்கார வேண்டும், ஒருவர் போய் என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும், சாப்பாடு மேசைக்கு வர வேண்டும். அப்படிப்பட்ட உணவகத்தில் சமைத்தால்தான் நான் சமையல்காரி. அதே தோசையை அதே கையால் பார்சலுக்குச் சுட்டால் நான் யாரோ. எனக்கு வந்த கோபத்தில் அந்த ஏஜென்ட்டைத் தோசைக்கல்லில் போட்டுத் திருப்பியிருப்பேன்.

என் கணவர் ஒரு யோசனை சொன்னார். ஒருநாள் வாடகைக்கு மேசை நாற்காலி எடுத்துப் போட்டுப் படம் பிடித்து அனுப்பினால் என்ன? அன்ரி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"படத்தில கிடக்கிற கதிரையில ஆரும் இருந்து சாப்பிடேலாது தம்பி. செய்யிறதெண்டால் ஒழுங்காச் செய்வம்."

செய்தார். கடையை மூடி, நடுச்சுவரை இடித்து, மேசை போட்டு, நாற்காலி போட்டு, நகரசபையிடம் அனுமதி வாங்கி, மெனு அட்டை அச்சடித்துத் திறந்தார். அதைக் காட்டி ஏஜென்ட் எங்கள் விண்ணப்பத்தை அனுப்பி வைத்தார். கண்ணாடிப் பெட்டியைக் காணோம். முழங்கால் வலிக்கார அன்ரி இடுப்பில் ஏப்ரன் கட்டிக்கொண்டு மேசை மேசையாக நடக்க ஆரம்பித்தார்.

ஆனால் ஒருவரும் உட்காரவில்லை. கண்ணாடிப் பெட்டி இருந்த இடத்தில் வரிசையாக வந்து நின்றார்கள். எதிரே வெறும் தரை. அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டே நாலு ரோல்ஸ் என்றார்கள். அன்ரி நாற்காலியைக் காட்டினால், நேரமில்லை என்று போய்விட்டார்கள். தப்பித்தவறி உட்கார்ந்தவர்களோ, சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு நேராகக் குசினிக்குள், என் அடுப்படிக்கே வந்தார்கள். கழுவி வைக்கவும் பார்த்தார்கள். ஒருவர் தன் மேசையைத் துடைத்துவிட்டுப் பக்கத்து மேசையையும் துடைத்தார். சாப்பிட்ட தட்டை அடுத்தவர் எடுக்க விட்டுப் போவது இவர்களால் முடிகிற காரியமே இல்லை.

வியாபாரம் படுத்துவிட்டது. அன்ரியின் சொந்தக்காரர்கள் வந்து, வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயே என்று என் காதில் விழும்படியே சொன்னார்கள். எனக்குத் தூக்கம் போனது. ஒருநாள் மாவு பிசைந்துகொண்டே கேட்டேன்.

"பழையபடி மாத்திடலாம் ஆன்ட்டி. எனக்காக எதுக்கு இவ்வளவு?"

"குசினிக்கு ஆள் வேணும். நீ நல்லாச் சமைக்கிறாய்" என்றார் அன்ரி. அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தண்ணீர்க் குவளைகளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

முதலில் நிலைத்து உட்கார்ந்தவர் ஒரு வயதான அங்கிள். மனைவி போன பிறகு தனியாக இருந்தவர், தினமும் ஒரு ஆளுக்குப் பார்சல் வாங்குவார். ஒரு மழை நாளில் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். ஆவி பறக்கும் இடியப்பத்தில் சொதியை ஊற்றிச் சாப்பிட்டார். வீட்டுக்குப் போய்ப் பிரிப்பதற்குள் எப்போதும் ஆறிப்போய்விடுமாம், சூடாகச் சாப்பிட்டு எத்தனையோ காலமாயிற்றாம். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். அடுத்த வாரம் அவர் எதிரில் இன்னொருவர். பேசிப் பார்த்ததில் இருவரும் ஒரே பள்ளிக்கூடம். பிறகு வெள்ளிக்கிழமைகளில் மேய்ஸ் ஹில் முருகனைக் கும்பிட்டுவிட்டுக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மேசைகளை ஒட்டிப் போட்டார்கள். ரயிலுக்கு ஓடிய கூட்டம் ரயிலை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தது. குசினிச் சுவரில் சாப்பாட்டை வெளியே நீட்டும் துவாரத்தின் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்று தோசையைக் கருக்கியிருக்கிறேன். எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ எழுதி வைத்த ஒரு நிபந்தனை, இத்தனை பேரை இங்கே உட்கார வைத்துவிட்டதே என்று வியப்பாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் தனியாக வந்தார். அன்ரி மெனுவைக் கொடுத்து, காரம் குறைக்கவா என்று கேட்டு, மரக்கறிக் கொத்தைக் கொண்டுபோய் வைத்தார். அவர் நிதானமாகச் சாப்பிட்டார். காசைக் கொடுத்த பிறகுதான் அடையாள அட்டையைக் காட்டினார். குடிவரவுத் துறை.

அந்த நேரம் பார்த்தா அங்கிள் சாப்பிட்டு முடிக்க வேண்டும்? எழுந்தார், தட்டை எடுத்தார், குசினியை நோக்கி நடந்தார். அவரைப் பார்த்து அவருடைய பள்ளிக்கூட நண்பர். அவருக்குப் பின்னால் மற்ற மேசைக்காரர்கள். குசினி வாசலில் தட்டும் கையுமாக ஒரு வரிசையே நின்றது. அதிகாரி அந்த வரிசையைப் பார்த்தார். இங்கே வாடிக்கையாளர்கள் தாங்களே எல்லாம் செய்துகொள்வார்களா என்று அன்ரியிடம் கேட்டார். என் மகள் படிக்கும் பள்ளிக்கூடம், எங்கள் வாடகை வீடு, எல்லாம் அந்தத் தட்டு வரிசையில் வந்து நிற்பதுபோல் இருந்தது.

அன்ரி பதறவில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பரிமாறுவது நான்தான், மெனு கொடுத்ததும் நான்தான், இவர்களை எத்தனை தடவை திட்டினாலும் கேட்பதில்லை, தங்கள் வீட்டில் சாப்பிடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள் என்றார். சொல்லிவிட்டு அங்கிளின் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினார்.

"எத்தினை தரம் சொல்லுறது அங்கிள், மேசையில விடுங்கோ."

"விட்டிட்டுப் போக ஒரு மாதிரிக் கிடக்கு பிள்ளை" என்றார் அவர்.

அதிகாரி எங்கள் சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். என்னிடம் என்னென்ன சமைப்பேன், எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. பையை எடுக்கத் தன் மேசைக்குத் திரும்பியவர், கொஞ்சம் நின்றார். பிறகு தான் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு வந்து துவாரத்தின் வழியாக என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் அந்தத் தட்டை வைத்துக்கொண்டு நின்றேன். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அன்றைக்குத் தெரியவில்லை. ஆனாலும் கண் கலங்கிவிட்டது.

சில வாரங்கள் கழித்து ஏஜென்ட் போன் செய்தார். வேலையையும் ஒப்புக்கொண்டார்கள், விசாவும் வந்துவிட்டது. நான் குசினித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்ரி என்னை எழுப்பி, ஏப்ரனைக் கழற்றச் சொல்லி, வெளியே கூட்டிப்போய் ஜன்னலோர மேசையில் உட்கார வைத்தார். அத்தனை மாதங்களில் நான் அந்த நாற்காலி ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை. மெனுவை நீட்டி, என்ன வேண்டும் என்று என்னையும் கேட்டார். உள்ளே போய்த் தானே தோசை வார்த்துக் கொண்டுவந்தார். ஓரமெல்லாம் கோணல். அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

முடித்ததும் யோசிக்காமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அன்ரி மணிக்கட்டைப் பிடித்தார்.

"வை பிள்ளை. அது என்ர வேலை."