எழிலரசி இழுத்துப் பார்த்த கோடு

நாட்றம்பள்ளியிலிருந்து தினமும் பஸ் பிடித்து ஆம்பூருக்கு வருகிற எழிலரசிக்கு, ஷூவுக்கான சோல் அச்சு செய்யும் பட்டறையில் வேலை. கம்ப்யூட்டரில் படம் வரைவாள். ஐந்து வருஷத்தில் அவள் சம்பாதித்த பட்டப்பெயர் 'இழுவை'. யார் வரைந்த படமானாலும் ஒவ்வொரு கோட்டையும் மவுஸால் பிடித்து இழுத்துப் பார்க்காமல் விடமாட்டாள். கட்டுப் போடாத கோடு திரையில் நீலமாக இருக்கும், இழுத்தால் கூடவே வந்துவிடும். நீளம், கோணம், எது எதைத் தொட வேண்டும் என்று எல்லாக் கட்டும் விழுந்துவிட்டால் கறுப்பாகும், அசையாது. கறுப்பானதையும் இழுப்பாள். அது அவள் புத்தி, யார் என்ன செய்ய முடியும்?

அன்றைக்கு அந்தப் புத்திக்கும் ஒரு மரியாதை வந்திருந்தது. படத்தின் மூலையில் 'சரிபார்த்தவர்' என்றொரு கட்டம் உண்டு. இதுவரை முதலாளி வாஹித் பாஷா பெயர் மட்டுமே ஏறிய கட்டம். இந்த லேடீஸ் சோலை நீயே பார்த்து உன் பெயரைப் போடு, ஒழுங்காக வந்தால் இனி எல்லாப் படமும் உன் பொறுப்பு என்று பாய் சொல்லியிருந்தார். எழிலரசி பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் நாலு தரம் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டாள்.

படத்தை வரைந்தவன் பக்கத்து நாற்காலி தபரேஸ். வேகக்காரன். முப்பத்தெட்டாம் சைஸ், எல்லாக் கோடும் கறுப்பு. இழுத்தாள், எதுவும் அசையவில்லை. கோடு அறுந்துவிடப் போகிறது அக்கா என்று அவன் கிண்டலடித்தான். கீழே மிஷினில், அச்சு வெட்ட இரும்புக் கட்டியை ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்கள்.

பெயரைப் போட்டிருக்கலாம். கை கேட்கவில்லை. முப்பத்தாறு முதல் நாற்பத்தொன்று வரை எல்லா சைஸ் அச்சும் இந்த ஒரே படத்திலிருந்துதான் வரவேண்டும். முப்பத்தெட்டை அழித்துவிட்டு நாற்பத்தொன்று என்று அடித்தாள். குதிகால் பக்கம் வளர்ந்தது, நடுப்பகுதி அகலமானது. விரல் பக்கம் மட்டும் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி அப்படியே இருந்தது. யாரோ கட்டுப் போடச் சோம்பல்பட்டு, 'ஃபிக்ஸ்' பொத்தானை அமுக்கி இருந்த இடத்திலேயே ஆணியடித்துவிட்டார்கள். அதுவும் கறுப்பாகத்தான் தெரியும். சைஸை மாற்றினால்தான் குட்டு வெளிப்படும்.

தபரேஸ் முகம் சுருங்கிவிட்டது. விரல் பக்கத்தை அவன் வரையவில்லையாம், போன வருஷத்துப் படத்திலிருந்து எடுத்து ஒட்டினானாம். அந்தப் படம் நீங்க வரைந்ததுதான் அக்கா என்றான் தயங்கித் தயங்கி. பழைய படத்தைத் திறந்தாள். ஆறு ஆணி. ஐயோ, அஞ்சே முக்கால் பஸ்ஸுக்கு ஓடிய நாள்! ஒரே சைஸ் அச்சு என்பதால் அன்றைக்கு யாருக்கும் தெரியாமல் போயிற்று.

அதற்குள் பாய் மாடியேறி வந்துவிட்டார். மிஷின் சும்மா நிற்கிறது என்றவர் திரையைப் பார்த்துவிட்டு, யார் செய்த வேலை இது என்று கேட்டார். தபரேஸ் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. தங்கமான பையன். எழிலரசியும் பேசாமல் இருந்துவிட்டால் பழி அவன் தலையில் விழும், கட்டம் அவளுக்குக் கிடைக்கும்.

"நான்தான் பாய். போன வருஷம் பஸ் போய்டும்னு ஃபிக்ஸ் பண்ணிட்டுப் போய்ட்டேன். தபரேஸ் மேல தப்பில்ல."

பாய் அவள் பின்னால் வந்து நின்றார். அவள் புதுப் படத்தில் ஒட்டியிருந்த ஆறு ஆணியையும் பிடுங்கி, முறையாகக் கட்டுப் போட்டாள். முப்பத்தாறு, நாற்பத்தொன்று என்று மாற்றிப் பார்த்தாள். விரல் பக்கம் சமர்த்தாகக் கூடவே போய் வந்தது. பிறகு கட்டத்தைக் காலியாக விட்டு, பாயே உட்கார்ந்து அவர் பெயரைப் போடட்டும் என்று நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அடுத்தவன் தப்பை எவன் வேணா கண்டுபுடிப்பான்மா," என்றார் பாய். "உக்காரு. உன் பேரைப் போடு."

அடித்தாள். புத்தி விடுமா? அந்தப் பெயரையும் மவுஸால் பிடித்து ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.