மபுண்டா மகளின் உரல் பாட்டு

மபுண்டா வீட்டுப் பெண் நியெலெட்டி வாய் செத்தவள் என்றுதான் ஊரில் பேர். தென்னாப்பிரிக்காவில் கியானி நகருக்கு வடக்கே இருந்த அந்தக் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, மாமியார் மமைலா என்ன சொன்னாலும் "சரி அத்தே" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. உலக்கையைக் கையில் எடுத்தால் மட்டும் வேறு ஆள். சோளம் குத்தக் குத்த, நெஞ்சில் கிடப்பதெல்லாம் பாட்டாகக் கிளம்பிவிடும். உரலடியில் மருமகள் என்ன பாடினாலும் யாரும் கோபிக்கக் கூடாது. அது அந்த மண்ணின் வழக்கம்.

கணவன் கெசானி ஜோஹன்னஸ்பர்க் தங்கச் சுரங்கத்துக்குப் போனவன். இரண்டு கிறிஸ்துமஸ் வந்து போயும் அவன் வரவில்லை. ஒரு காலை அவள் பாடினாள்:

"பொன்னைத் தோண்டப் போனவரே,
வீட்டுக்கு வர்ற வழியையும் தோண்டிப் போட்டீரோ?
ஒரு கூடை சோளம் நான் குத்த
உங்கம்மா கண்ணு ரெண்டு கூடை கேக்குதே!"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மமைலாவுக்குச் சுருக்கென்றது. எழுந்து வந்தாள்.

"எங்கண்ணு உன்னை என்னடி பண்ணுச்சு?"

"பாட்டுத்தானே அத்தே..."

"பாட்டுன்னா எதிர்ப்பாட்டும் உண்டுல்ல? அந்த இன்னொரு உலக்கையை இப்படிக் குடு."

இரண்டு உலக்கையும் மாறி மாறி விழுந்தன. மமைலா கரகரத்த குரலில் பாடினாள்:

"மபுண்டா மகளே, நேத்து வந்தவளே,
நீ அழுதா உரல் கேக்குது,
பெத்தவ நான் அழுதா எது கேக்கும்?"

நியெலெட்டியின் கை நின்றுபோயிற்று. அத்தைக்கும் அதே ஏக்கம் இருக்கும் என்று அன்றுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"நிறுத்தாதடி, நனைச்ச சோளம் காஞ்சிரும்" என்று அதட்டிவிட்டு, மமைலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவ்வழியே தண்ணீருக்குப் போன பெண்கள் அந்தப் பாட்டை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அது பஸ் ஏறியது. விடுமுறை முடிந்து திரும்பிய எவனோ ஒருவன் அதைச் சுரங்கத் தொழிலாளர் விடுதியில் இறக்கிவிட்டான்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் கெசானிக்கு முன்னால் நின்றவன் அதை முணுமுணுத்தான்.

"யாரு பாட்டுய்யா இது?"

"யாரோ கியானிப் பக்கத்துப் பொண்ணாம். புருஷன் எவனோ மரக்கட்டை போல!"

கெசானியும் சேர்ந்து சிரித்தான். "மபுண்டா மகளே" என்ற அடி வந்ததும் சிரிப்பு நின்றது; அது அவன் மாமனார் பேர். சோளக்களி வாங்காமலே வரிசையை விட்டு நழுவினான்.

அந்த டிசம்பரில் இரண்டு போர்வைகளோடு வாசலில் வந்து நின்றான். "ரெண்டு பேரும் சேந்து என் மானத்த பஸ் ஏத்திட்டீங்களே!"

"அதுதான் உன்னைக் கூட்டிட்டு வந்திருச்சே. கை கழுவிட்டு வாடா, சாப்பிடலாம்" என்றாள் மமைலா. நியெலெட்டி கீரையில் நிலக்கடலைப் பொடியை இரண்டு கை கூடுதலாகப் போட்டாள்.

அதன்பின் எந்த டிசம்பரும் அவன் தவறவில்லை. பாட்டின் பேர் பரவ, அக்கம்பக்கத்துப் பெண்கள் குறைகளைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வரத் தொடங்கினார்கள். "எனக்கும் ஒண்ணு கட்டிக் குடு அக்கா" என்பார்கள். அவள் முதலில் ஒன்றுதான் கேட்பாள்: "ஆளு வெக்கப்படுற ஆளா?"

ஆமாம் என்றால், இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உலக்கையை எடுப்பாள்.