வேலுத்தாயின் இரண்டு விடைகள்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த அழைப்பு வந்தபோது, ஆய்வகத்தில், உறைநிலையிலிருந்து எடுத்த நுரையீரல் செல்கள் இருந்த குப்பி ஒன்றை வெதுவெதுப்பான நீரில் பிடித்துக்கொண்டு நின்றேன். பேசியவர் கருப்பையா, வேலுத்தாயின் தம்பி. போடியிலிருந்து குரங்கணிக்கு ஜீப் ஓட்டுகிறவர்.

"சார், அக்கா போயிருச்சு சார். விடியக்கால. வெரசா கெளம்பி வாங்க."

சரி என்றேன். பிறகு, குப்பிக்குள் இருந்த கடைசிப் பனித்துணுக்கு கரையும்வரை நின்று, செல்களைத் தட்டில் ஊற்றி மூடி, மேலே தேதியும் பெயரும் எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். என் பெயர் எழுத வேண்டிய இடத்தில் வேலுத்தாய் என்று எழுதியிருந்ததை ஊர் திரும்பிய பிறகே கவனித்தேன். துக்கத்தில் எழுதினேனா, பழக்கத்தில் எழுதினேனா என்று இப்போதும் தெரியவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் வேலுத்தாயோடு மதுரையில் எங்கள் கல்லூரியில் வேலை பார்த்தவர்கள். அவர் என்ன ஆராய்ச்சி செய்தார் என்று உங்கள் வீட்டார் கேட்டால் நீங்களும் என்னைப் போலவே திணறியிருப்பீர்கள். அவர் திணறியதில்லை. "அமுக்கிப் பாக்குற சோலி" என்பார். எங்கள் கருவியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய முனை ஒன்று உண்டு. அதனால் உயிருள்ள ஒரு செல்லை அழுத்தி, அது எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்று அளப்போம். இளகியிருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்பதை வைத்துச் செல்லின் நலம் பற்றிக் கொஞ்சம் ஊகிக்கலாம். தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கே இருக்கும் நானோ துகள்கள் செல்லுக்குள் புகுந்தால் அந்த இளக்கமும் இறுக்கமும் எப்படி மாறும்? இந்த ஒரு கேள்வியோடு நாங்கள் இருவரும் ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம்.

அந்த ஒன்பது வருடத்தில் எங்களுக்குள் ஒரே ஒரு பெரிய சண்டை. சுவர் பெயிண்டில் வெண்மைக்காகச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடின் நானோ துகளை எடுத்து, ஒரே புட்டியிலிருந்து ஒரே அளவு, நுரையீரல் செல்களுக்கு இருவரும் தனித்தனியாகக் கொடுத்தோம். என் செல்கள் இளகின. அவருடையவை இறுகின. திரும்பத் திரும்பச் செய்தும் அப்படியேதான் வந்தது. இருவரில் ஒருவர் தப்பு செய்கிறோம் என்றேன் நான். அந்த ஒருவர் அவர்தான் என்பது என் எண்ணம். வித்தியாசம் எங்கே என்று ஆறு மாதம் கழித்து அவர்தான் கண்டுபிடித்தார். நான் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்திருந்தேன். அவர் கண்ணாடியின் மேல் மெத்தென்ற கூழ்ப் படலம் போட்டு, அதன்மேல் வளர்த்திருந்தார்.

"எதுக்கு இந்த வேண்டாத வேலை? எல்லாரும் கண்ணாடியிலதானே வளர்க்குறாங்க?" என்று கோபப்பட்டேன்.

"நுரையீரல் கண்ணாடி மேலயா சார் இருக்கு?" என்றார்.

என் முடிவை மட்டும் எழுதினால் கட்டுரை உடனே அச்சாகும், என் பதவி உயர்வுக்கும் உதவும். அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "ரெண்டையும் எழுதுங்க. ஏன் இப்பிடின்னு தெரியலன்னும் எழுதுங்க." ஒரு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் அவர் சொன்னபடிதான் எழுதினோம்.

இந்த வேலுத்தாய் மலைக்கு மேலே எப்படி இருப்பார் என்பதை அந்தக் கோடையில் பார்த்தேன். அவருடைய அம்மா வேலை பார்த்த ஏலக்காய்த் தோட்டத்துக்கு என்னையும் கூட்டிப் போயிருந்தார். காய் பறிக்கும் பெண்கள் நாலைந்து பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தோட்டத்தில் புதிதாக நானோ மருந்து என்று ஏதோ அடிக்கிறார்களாம். "நீ அதைத்தானே படிக்கிற ஆத்தா, அது ஒடம்புக்கு ஆகுமா ஆகாதா?" என்று ஒரு அம்மாள் கேட்டார்.

"தெரியலத்தா" என்றார் வேலுத்தாய்.

எனக்குக் கூச்சமாகிவிட்டது. இத்தனை படித்துவிட்டு இப்படியா சொல்வது? ஆனால் அவர் அங்கிருந்து நகரவில்லை. புட்டியைக் கொண்டுவரச் சொல்லி, ஒட்டியிருந்த தாளைப் படித்து, அதில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அடித்த அன்றைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள், துணியை வேறாகத் துவையுங்கள் என்றார். கங்காணி இரண்டு முறை சத்தம் போட்ட பிறகுதான் கூட்டம் கலைந்தது.

இனி எழுதப்போவதை உங்களில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

அந்தக் கட்டுரை ஆய்விதழிலிருந்து திரும்பி வந்தது. இரண்டு முறையிலும் எல்லாவற்றையும் மறுபடி செய்து காட்டுங்கள் என்று ஒரு மாதம் கெடு கொடுத்திருந்தார்கள். அந்த மாதம் பார்த்து, பொடியை எடைபோடும் கண்ணாடிக் கூண்டின் விசிறி கெட்டுப்போனது. தூசியை வெளியே இழுப்பதே அந்த விசிறிதான். சரிசெய்ய ஆள் வரப் பதினோரு நாள் ஆனது. காத்திருக்கலாமா என்று வேலுத்தாய் கேட்டார். "மாஸ்க் போட்டுக்கிட்டு மேசை மேலயே எடை போட்டுருவோம், நாள் இல்லை" என்று நான் சொன்னேன். அவர் எடை போட்டார். நான் அதே அறையில் அடுத்த மேசையில் இருந்தேன். கட்டுரை வெளிவந்தது.

நான்கு வருடம் கழித்து அவருக்கு இருமல் வந்தது. மாடிப்படியில் பாதியில் நிற்க ஆரம்பித்தார். ஸ்கேன் எடுத்தபோது நான் கூடப் போனேன். நுரையீரல் திசு நார்போல இறுகிக்கொண்டு வருகிறது, மூச்சுக்கு அது விரிந்து கொடுக்கவில்லை என்றார் மருத்துவர். எதனால் என்று வேலுத்தாய் கேட்டார். மருத்துவர் பதிலுக்குக் கேள்விகளாகக் கேட்டார். சின்ன வயதில் புகை? ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அம்மாவோடு விறகுப் புகையில் வளர்ந்தவர். பூச்சி மருந்து? தோட்டத்தில் வருடம் முழுக்க. வேலையில் தூசி? வேலுத்தாய் என்னைப் பார்க்காமல், "நானோ பொடி" என்றார். மருத்துவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, இதில் எது என்று சொல்ல முடியாது, எதுவுமே இல்லாமலும் இது வருவதுண்டு என்றார்.

கடைசி ஐந்து மாதம் போடியில் தம்பி வீட்டில் இருந்தார். நான் பார்க்கப் போனபோது பஸ் ஸ்டாண்டிலிருந்து கருப்பையா என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் ஓரங்கட்டி நிறுத்தினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் சார். அந்தப் பவுடர்தானா?"

"தெரியலப்பா."

"அக்காவும் இதான் சொல்லுது. ரெண்டு பேரும் படிச்சவுக. ரெண்டு பேருமே தெரியலங்கிறீக." வண்டியைத் திரும்பக் கிளப்பினார்.

வேலுத்தாய் ஆக்சிஜன் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் ஆரம்பிப்பதற்கு முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார். "அந்தப் பதினோரு நாளைப் போட்டு ஒழப்பிக்காதீங்க சார். அதனாலதான்னு சொல்ல நம்மகிட்ட ஆதாரம் இல்ல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "இல்லன்னு சொல்லவும் இல்ல."

அது மன்னிப்பா, குற்றச்சாட்டா? எழுந்து வந்த அன்று தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை. அவர் இரண்டையும் நினைக்காமல், உள்ளதை உள்ளபடி சொன்னார் என்று சில நாள் தோன்றும். அவர் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லையே என்று சில நாள் தோன்றும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கருப்பையாவைத் தனியாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். விசிறி கெட்டது, வேலுத்தாய் காத்திருக்கலாமா என்று கேட்டது, நான் வேண்டாம் என்றது. கருப்பையா கையில் பிடித்திருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, நான் சொன்னதைக் கேட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம் என்றும் நினைத்தேன்.

"நீங்களும் அந்த ரூம்புலதான சார் இருந்தீக?"

"ஆமா."

"அப்பப் போயி மொதல்ல உங்க நெஞ்சைப் பாருங்க." வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குத் திரும்பிவிட்டார்.

பார்த்தேன். ஒன்றுமில்லை. அதே அறை, அதே காற்று, என் நுரையீரலில் ஒரு கீறலும் இல்லை. கருப்பையாவிடம் போனில் சொன்னேன். "நல்லதுதான் சார்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது என்பது எனக்குக் கேட்டது.

வேலுத்தாயிடமிருந்து எனக்கென்று எதை வைத்துக்கொள்வது என்று இத்தனை நாளாக யோசித்தேன். அவருடைய அளவீடுகள் எல்லோருக்கும் பொது. ஒருவர் முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, அதன் பிறகும் அவர் பக்கத்திலேயே இருக்க முடியும் என்று அவரிடம்தான் பார்த்தேன். நான் அதுவரை தெரியவில்லை என்று சொன்னதெல்லாம் தப்பித்துப் போவதற்காகத்தான். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு போடிக்குப் போகிறேன். கருப்பையா இன்னும் அதே கேள்வியைக் கேட்கிறார். நான் அதே பதிலைச் சொல்கிறேன். பிறகு இருவரும் சாப்பிட உட்காருகிறோம்.