குன்னத்துகாலிலிருந்து இங்கிலாந்துக்கு வரி கட்டிய வெள்ளிக்கிழமை

வெளிநாட்டில் சிறுதொழில் நடத்துகிறவர்கள் ஊருக்கு வந்த இடத்தில் அங்கத்து வரியைக் கட்ட வேண்டி வந்தால், இப்போது கைப்பேசியில் நாலு தட்டு தட்டி முடித்துவிடுகிறார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அதற்கு நான் ஒரு பயணமே போக வேண்டியிருந்தது. கேரளத்தில் எங்கள் ஊரான குன்னத்துகாலிலிருந்து நெய்யாற்றின்கரை வரை, போக வர முப்பத்தாறு கிலோமீட்டர்.

எனக்கு லெஸ்டர் நகரத்தில் ஒரு சலவைக் கடை இருந்தது. மே மாதம் என் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்தேன். காலாண்டு விற்பனை வரிக்கான படிவத்தைக் கிளம்பும் முன்பே தபாலில் சேர்த்துவிட்டேன். பணத்தைத்தான் கட்டவில்லை. வாடிக்கையாளர் ஒருவரின் காசோலை கணக்கில் ஏறுவதற்காகக் காத்திருந்தேன். மின்னணு முறையில் கட்டுகிறவர்களுக்கு ஏழு நாள் கூடுதல் அவகாசம் உண்டு; அது அடுத்த புதன்கிழமையோடு முடிகிறது. இருபத்துநாலு மணி நேரமும் போன் எடுக்கிற வங்கி அது; கூப்பிட்டு, ரகசிய எண்ணைப் பொத்தானில் அழுத்தி, சொல்ல வேண்டியதைச் சொன்னால் அவர்கள் கம்ப்யூட்டர் வழியாக அனுப்பிவிடுவார்கள். ஆனால் பணம் போய்ச் சேர மூன்று வேலைநாள் ஆகும். திங்கள்கிழமை அங்கே வங்கி விடுமுறை. ஆக, வெள்ளிக்குள் சொல்லியாக வேண்டும். முந்தைய காலாண்டிலும் தாமதம். இந்த முறையும் தவறினால் விழும் அபராதம் கடை வாடகையில் கை வைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வெள்ளி காலை நான் சட்டையை மாட்டியதும் அம்மா வாசலை மறித்தாள்.

"தாலி கெட்ட ரெண்டு நாள் கெடக்கு. எங்கலே இறங்குத?"

"பாறசால போயி இங்கிலாந்துக்கு வரி கெட்டணும்மா."

"பாறசாலயில இருந்தா?"

ஆமாம் என்றுவிட்டுப் பஸ் ஏறினேன். ஏழு கிலோமீட்டர் தள்ளி, பாறசாலை சந்திப்பில், வெளிநாட்டுக்குப் பேச ஒரு ஐ.எஸ்.டி. பூத் இருந்தது. வங்கி எண் உடனே கிடைத்தது. ரகசிய எண்ணை அழுத்தச் சொல்லி ஒரு பெண்குரல் கேட்டது. அழுத்தினேன். அழுத்தவே இல்லாதது போல அதே குரல் மறுபடி கேட்டது. மூன்று நிமிடம் இப்படியே போயிற்று.

"இது பழைய லைனு மக்கா," என்றார் பூத் அண்ணன். "அமுக்கினா கடகடன்னு சத்தந்தான் போவும். நெய்யாற்றின்கர பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல, கம்ப்யூட்டர் சென்டருக்க கீழ ஒரு பூத் உண்டு. ஃபேக்ஸ் எல்லாம் போவும். அங்க போய்ப் பாரு."

பதினோரு கிலோமீட்டர். உதியன்குளங்கரை வரை பஸ் நன்றாகத்தான் ஓடியது. அமரவிளை சோதனைச்சாவடியில் லாரிகள் அடைத்து நின்றதில் அரைமணி போயிற்று. தமிழ்நாட்டிலிருந்து சரக்கு கொண்டுவந்த டிரைவர்கள் பில்லும் கையுமாக வரிசையில் நின்றார்கள். அவர்களுக்காவது வரி வாங்குகிற ஆள் கண்ணெதிரில் இருந்தார்.

நெய்யாற்றின்கரை பூத்திலும் அதே குரல், அதே கேள்வி. ரிசீவரை வைக்கப் போனபோது கண்ணாடியை யாரோ தட்டினார்கள். சுஜா. ஞாயிற்றுக்கிழமை நான் தாலி கட்டப் போகிற பெண். பெண் பார்த்த அன்று கண்டதோடு சரி. ஏதோ கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துகிறாள் என்று மட்டும் தெரியும். இந்த மாடியில்தான் என்று தெரியாது. ஃபேக்ஸ் அனுப்ப இறங்கி வந்திருந்தாள்.

"போனுக்க சைடுல ஒரு சுவிச்சு உண்டு," என்றாள். "அத மத்த பக்கம் தள்ளுங்க. கடகட மாறி பீப்புன்னு சத்தம் போவும்."

தள்ளிவிட்டு மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை எண் ஏறியது. ஒரு மனிதக்குரல் வந்து நான்தானா என்று என்னைச் சோதிக்க ஆரம்பித்தது. பூத் கதவு சரியாகச் சாத்தவில்லை. என்ன தொழில் என்றார்கள். சலவைக் கடை என்றேன். எத்தனை கடை? ஒன்று. வேலையாட்கள்? நானும், பாதி நேரம் வருகிற ஒரு அம்மாவும். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சத்தமாகவே சொன்னேன். தொகையையும் வரிப் பதிவு எண்ணையும் சரிபார்த்து, பணம் கிளம்பிவிட்டதாகச் சொல்லி ஒரு குறிப்பு எண் தந்தார்கள். பதினோரு நிமிடம். பில் அறுநூற்று எழுபது ரூபாய்.

வெளியே வந்தபோது சுஜா அங்கேயே நின்றாள். ஃபேக்ஸ் தாள் கையில் அப்படியே இருந்தது.

"ஒரு கடையா?"

"ஆமா."

"மூணு கம்பெனின்னாக்கும் தரகர் அப்பாட்ட சொன்னாரு."

எனக்கு அது புதுச் செய்தி. வண்டிகள் இரைகிற அந்தச் சாலையோரத்திலேயே உள்ளதைச் சொன்னேன்: ஒரே கடை, வாடகை இடம், மேலே ஒரு அறையில் நான்.

"உங்களுக்குச் சரிவராதுன்னா இப்பமே சொல்லிரலாம். அப்பாட்ட நானே வந்து பேசுதேன்."

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அங்க எனக்கு வேல கிட்டுமா?"

"கிட்டும்னு சொல்ல மாட்டேன். தேடணும்."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "எனக்கு ஒரு கிளாஸ் உண்டு. முடிச்சிட்டு வாறேன். ரெண்டு பேருமா போய் அப்பாட்ட சொல்லுவோம்," என்று படியேறினாள்.

ஒரு மணி நேரம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். வருவாளா என்பது உறுதியில்லை. வந்தாள். உதியன்குளங்கரை வரை அவள் முன்னால் பெண்கள் இருக்கையிலும் நான் பின்னாலும் உட்கார்ந்து போனோம். அங்கே அவள் வீட்டு முற்றத்தில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு முதலில் தரகரைத் திட்டித் தீர்த்தார். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கல்யாணத்துக்கு ஆளெல்லாம் விளிச்சாச்சே. இனி என்ன செய்ய?"

"விளிச்ச ஆளுக்காக இல்லப்பா," என்றாள் சுஜா. "எனக்குச் சம்மதமாக்கும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "துணி அலக்குத மெஷினு எத்தன உண்டு?"

"எட்டு. ரெண்டு ஓடாது."

"அப்போ ஆறுன்னு சொல்லும்."

பணம் புதன்கிழமை போய்ச் சேர்ந்தது. போன் சுவிட்ச் எல்லாம் இன்று யாருக்கும் தேவைப்படாது. ஆனால் சில விஷயங்கள் மாறவில்லை. ஊருக்குக் கிளம்பும் முன் இரண்டு நாட்டு விடுமுறைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் என்பது பணம் அனுப்புகிற நாள் அல்ல, சேருகிற நாள். குறிப்பு எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள். வங்கியின் ரகசிய எண்ணை அங்கத்து வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வராதீர்கள்.

பெண் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒன்று: தரகர் என்ன சொல்லி வைத்திருக்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். நான் விசாரிக்கவில்லை. கதவு சரியாகச் சாத்தாத ஒரு பூத் அந்த வேலையைச் செய்தது.