மதி என்றால் போதும்

உறங்கும் பிள்ளைகளின் நடுவே முட்டிபோட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் சுருளியம்மாள். யாருடைய இமை முதலில் அசைகிறதோ அந்தப் பிள்ளையின் காதருகே குனிவார். "என்ன சொப்பனம் கண்ட, தாயி?" முழுதாக விழிப்பதற்குள் கேட்டுவிட வேண்டும். கண்ணைக் கசக்கிவிட்டால் சொப்பனம் ஓடிப்போகும் என்பது அவர் கட்சி.

கேரளத்து ஏலப்பாறையிலிருந்து ஜீப்பில் ஏறித் தேயிலைக்குள் வளைந்து வளைந்து போனால், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களின் கடைசியில் இருக்கிறது இந்த அங்கன்வாடி. ஒரே அறை, பின்னால் சமையல்கட்டு. மத்தியானத்தில் மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வந்து பாய்களின் மேல் நிற்கும். பிள்ளைகள் பாதி தெரிவார்கள், பாதி தெரியமாட்டார்கள். இவரைப் பார்க்கப் போயிருந்த நானும் ஒரு நாள் சுவரில் சாய்ந்து கண் அசந்துவிட்டேன். "என்ன சொப்பனம் கண்டீக?" என்று என்னையும் விடவில்லை.

டீச்சர் லிஜி, கோட்டயம் பக்கத்து மலையாளி. சுருளியம்மாள் ஹெல்பர். கஞ்சி வைப்பது, முட்டை அவிப்பது, அமிர்தம் பொடி என்கிற சத்துமாவைக் கட்டி தட்டாமல் கிண்டுவது, மூக்குத் துடைப்பது எல்லாம் அவர்தான். அரிசியும் பயறும் பொடியும் அரசாங்கம் கொடுப்பது. சொப்பனம் கேட்பது மட்டும் அவராகச் சேர்த்துக்கொண்ட வேலை.

"சோத்தச் சொப்பனம் கண்ட புள்ள, ராத்திரி அரை வயித்தோட படுத்துருக்குன்னு அர்த்தம்" என்பார். அந்தப் பிள்ளைக்கு மறுநாள் காலையில் பொடிக்கஞ்சி கெட்டியாகக் கிடைக்கும். டீச்சர் சிரிப்பார், தடுப்பதில்லை. ஜீப் ஓட்டும் ஜின்சனின் மகன் இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டான். அவன் சொப்பனத்தில் தினமும் பொரோட்டா வருகிறது. "களவாணிப் பய" என்று சொல்லிக்கொண்டே அவனுக்கும் ஒரு கரண்டி கூடப் போடுவார். ஏமாறுவதில் இவ்வளவு சந்தோஷப்படும் ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சேலைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. அதன் பையில் ஒரு சீப்பும் கொஞ்சம் ஊக்கும். டீச்சரிடம் மலையாளம், லயத்துப் பெண்களிடம் கம்பத்துத் தமிழ், பிள்ளைகளிடம் இரண்டும் கலந்த ஒன்று. எந்தச் சொல் எந்தப் பாஷை என்று கேட்டால், "யாரு கண்டா?" என்பார். தட்டில் கஞ்சி விழும்போது பிள்ளைகள் சொல்லும் 'மதி'யும் அப்படித்தான். மலையாளத்தில் மதி என்றால் போதும். தமிழ் வீட்டுப் பிள்ளையும் வந்த சில நாளிலேயே "மதி" என்று கையை விரித்துவிடும், கரண்டி நின்றுவிடும்.

இந்த மழைக்காலத்தில் கனிஷ்கா வந்து சேர்ந்தாள். கம்பத்திலிருந்து புதிதாகக் கொழுந்து கிள்ள வந்த பாண்டீஸ்வரியின் இளைய மகள். மூன்று வயது, கைகால்கள் குச்சி குச்சியாக. இரண்டு வாய் தின்றதும் வாசலைப் பார்த்து "மதி" என்பாள். தட்டை எடுத்துவிடுவார்கள். எடை போட்ட நாளில் முள் இறங்கியிருந்தது. இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் தேற்ற வேண்டும் என்று டீச்சர் சொல்ல, பாண்டீஸ்வரி அழுதேவிட்டாள். ஆஸ்பத்திரியில் துணைக்கிருக்க ஆள் இல்லை. அவளே போய் இருந்தால் வேலை போய்விடும். வேலை போனால் லயத்து வீடும் போய்விடும்.

சுருளியம்மாள் பொடியை வெல்லம் சேர்த்து உருட்டிப் பார்த்தார். நெய்யில் வறுத்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் இரண்டு வாய், பிறகு "மதி". "நானும் என்னதான் செய்ய, ஒண்ணும் எறங்க மாட்டேங்குதே" என்று என் எதிரிலேயே கரண்டியைக் கீழே போட்டார்.

அன்று மத்தியானமும் நல்ல மூடுபனி. கனிஷ்காவின் இமை அசைந்தது. சுருளியம்மாள் குனிந்தார்.

"என்ன சொப்பனம் கண்ட, தாயி?"

"மதி."

"சொப்பனத்துலயுமா போதும்ங்கிற?"

"மதி வந்துச்சு. சோறு ஊட்டுச்சு. காக்கா காட்டுச்சு."



சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக வந்த பாண்டீஸ்வரியிடம் கேட்டபோது விஷயம் தெரிந்தது. மூத்தவள் பெயர் இளமதி. தங்கையை இடுப்பில் தூக்கிச் சோறூட்டி வளர்த்தவள் அவள்தான். படிப்புக் கெட்டுவிடக் கூடாதென்று அவளைக் கம்பத்திலேயே அரசு மாணவியர் விடுதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். "அங்கன நல்லாச் சோறு போடுறாகக்கா. அவளாச்சும் படிச்சு மேல வரணும்ல. இவ அக்கான்னு கூப்புட மாட்டா, பேரச் சொல்லித்தான்."

பிள்ளை அக்காவைக் கூப்பிட்டிருக்கிறது. போதும் என்கிறது என்று நினைத்து இவர்கள் தட்டை எடுத்திருக்கிறார்கள். "நானும் கம்பத்துக்காரிதான? மதின்னா நெலான்னு எங்கப்பா சொல்லித் தந்துருக்காரே. பாழாப்போன காது மலையாளத்துக்குப் பழகிப்போச்சு. பச்சப்புள்ள தட்டப் புடுங்கிட்டேனே" என்று சுருளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் கஞ்சியும் பயறும். இரண்டு வாய் ஆயிற்று. கனிஷ்கா வாசலைப் பார்த்து, "மதி" என்றாள்.

"இந்தா வந்துட்டேன், தாயி!" என்று சமையல்கட்டிலிருந்து ஓடிவந்தார் சுருளியம்மாள். பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மூடுபனிக்குள் இல்லாத காக்காயைக் காட்டி ஒரு வாய் நீட்டினார். கனிஷ்கா சந்தேகத்தோடு அவர் முகத்தைப் பார்த்தாள். காக்காயைத் தேடினாள். பிறகு வாயைத் திறந்தாள்.

எதிர்வரிசையில் ஜின்சனின் மகன், வயிறு நிஜமாகவே நிறைந்துபோய், கையை விரித்து "மதி" என்றான்.

"இந்தா வந்துட்டேன்!" அவன் தட்டிலும் ஒரு கரண்டி விழுந்தது.